அரை இடம் முந்தி

எங்கள் ஆல்பத்தைக் கேட்டவர்கள் அதில் ஒரே ஒரு பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இருப்பதிலேயே நீளமான பாட்டு அது. வயலினும் கிட்டாரும் ஒன்றை ஒன்று கடிப்பதைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, நேராக டிரம்மரின் வலது காலுக்கு வந்துவிடுவார்கள். அது மனுஷக் காலே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வயலின் வாசித்தது நான். அந்தக் கால் என் வீட்டுக்காரருடையது. அது மனுஷக் கால்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பாட்டு எங்கேயாவது ஒலித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நாங்கள் மூன்று பேர். நான் ஆவடியில், ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவர். பக்கத்து பிளாக்கில் இருந்த தஞ்சாவூர் டீச்சரிடம் வயலின் கற்றேன். இப்போது மண்ணூர்பேட்டையில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் நசரத்பேட்டைக்காரர். அவருடைய அப்பா கூலிக்கு நெல் அறுத்த வயலில் இன்று ஒரு குடோன் நிற்கிறது. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் மெஷின் ஓட்டுகிறார். முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரியில் டிரம்ஸ் வாசிப்பார். அப்படி ஒரு கல்யாணத்தில்தான் எங்களுக்குப் பழக்கமானது. அந்தக் கதை இங்கே வேண்டாம், என் அம்மா இன்னும் முழுசாக ஆறவில்லை. மூன்றாவது ஆள் கிட்டார் வாசிப்பவன், இவருடைய பள்ளிக்கூடத் தோழன், ஐ.டி. கம்பெனிக்காரன். ஆல்பம் என்ற பைத்தியம் முதலில் பிடித்தது அவனுக்குத்தான்.

"புரோக்ரசிவ் ராக்குன்னா இன்னா தெரியுமா அண்ணி? ஒரே பாட்டுல தாளம் மாறிக்கினே போவும். ராகமும் கீது, கோவமும் கீது" என்றான்.

"கோபத்துக்கு நான் இருக்கேன். ராகத்துக்கு வேற ஆள் பாருங்க" என்றேன்.

வேறு ஆள் பார்க்க நான் விடவில்லை என்பது வேறு விஷயம். பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லிக்கொடுத்தே கை துருப்பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய விருந்தாக இருந்தது. நசரத்பேட்டையில் மாமனார் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கே வாசிப்போம். பெங்களூர் நெடுஞ்சாலையில் கனரக லாரி போனால் கூரை அதிரும். நாங்கள் நிறுத்திக் காத்திருந்து, லாரி போனதும் மறுபடி ஆரம்பிப்போம்.

நீளப் பாட்டை வராளி ராகத்தில் போடலாம் என்று நான்தான் சொன்னேன். வராளியைக் குரு எதிரில் உட்கார்த்திச் சொல்லித்தரக் கூடாது, தந்தால் குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகாமல் போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. என் டீச்சரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவர் அடுப்படியில் வாசிப்பார், நான் ஹாலில் உட்கார்ந்து கேட்டுப் பிடித்துக்கொண்டேன். கிட்டார் தம்பிக்கு நான் ஃபோனில் பதிவு செய்து அனுப்பினேன். அவன் சிரித்தான். என் அம்மா சிரிக்கவில்லை.

"வேற ராகமே கெடைக்கலையாட்டி ஒனக்கு?" என்றாள் ஃபோனில். "சும்மா கெடக்குத சங்கை ஏன் ஊதிக் கெடுக்க?"

எல்லோரும் ராகத்தைப் பார்த்துத்தான் பயந்தார்கள். தாளத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் உட்பட.

தாளம் ஏழு எண்ணிக்கை. தகிட தகதிமி என்று கோயில் வாசலில் எந்தப் பிள்ளையும் போடும் தாளம்தான். அதில் ஒரு முறுக்கு வைத்தோம். எங்கள் சங்கீதத்தில் பாட்டு தாளத்தின் முதல் அடியிலேயே தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அரை இடம் தள்ளியும் எடுக்கலாம், அரை இடம் முந்தியும் எடுக்கலாம். அந்த முந்தலை டிரம்ஸுக்குக் கொடுத்தால் என்ன என்று பேச்சு வந்தது. கை முதல் அடியில் விழும். கால், அந்தப் பெரிய டிரம்மை மிதிக்கும் வலது கால், அதற்கு அரை இடம் முந்தியே விழுந்துவிட வேண்டும். கேட்பவருக்கு யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளுவது போல இருக்கும். மனிதனின் உடம்புக்கு இது பிடிக்காது. காலும் கையும் சேர்ந்து விழத்தான் ஆசைப்படும்.

என் வீட்டுக்காரர் அதை விடவில்லை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பழகினார். "காலு, கையி. காலு, கையி." பஸ்ஸில், பல் தேய்க்கும்போது, சாம்பாருக்குக் காத்திருக்கும்போது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தரையில் வைத்தார். தட்டு தரையைத் தொடுவதற்கு ஒரு இமைப் பொழுது முன்னால் அவருடைய வலது பாதம் தரையைத் தட்டியது. அவர் கவனிக்கவே இல்லை. நான் சொல்லிக்காட்டிய பிறகு, "பாத்தியாமே, வந்துச்சு" என்று சிரித்தார். நானும் பெருமையாகச் சோறு போட்டேன்.

அவருடைய வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பிரஸ் மெஷினில் கீழே அச்சு இருக்கும். உள்ளங்கை அளவு தகட்டை எடுத்து அச்சின் மேல் உட்காரவைத்து, கையை வெளியே எடுத்து, காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து இரும்புத் தலை இறங்கித் தகட்டை வட்டமாக வெட்டும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் தலை இறங்கும் என்றும் ஒரு வழி உண்டு. அதில் கை மாட்டாது, ஆனால் வேகம் வராது. அதனால் எல்லோரும் பெடல்தான். வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்றுதான் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்: முதலில் கை, அப்புறம் கால்.

இவ்வளவையும் நான் ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தேன். தெரிந்து என்ன செய்ய? மனசுக்குள் வயலினை ஒரு அறையிலும் மெஷினை இன்னொரு அறையிலும் வைத்திருந்தேன்.

டிரம்ஸ் ஸ்டாண்டில் ஏதாவது கலகலவென்று தொங்கினால் நன்றாக இருக்கும் என்று கிட்டார் தம்பி கேட்டதால், இவர் ஷாப்பிலிருந்து ஒதுக்கிப் போட்ட வட்டத் தகடுகளைக் கொண்டுவந்து நைலான் நரம்பில் கோத்துக் கட்டினார். லாரி போனால் அவை தாமாகவே நடுங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவற்றில் ஒன்று பிறை வடிவத்தில் இருப்பதைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் இன்னும் சில பிறைகள் தொங்கின. வட்டங்களைவிட அவற்றின் சத்தம் கூர்மையாக இருந்தது. கிட்டார் தம்பிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. "மச்சான், இந்த ஷேப்லயே எட்துனு வாடா" என்றான்.

"இது எப்படிங்க இந்த மாதிரி வெட்டுப்படுது?" என்று கேட்டேன்.

"தகடு ஒயுங்கா உக்காரலன்னா இப்டிதான் ஆவும்."

"உட்கார வைக்கிறது யாரு?"

"இன்னா கேள்வி இது? கைதான்."

சொல்லிவிட்டு அவர் குச்சியை எடுத்துக்கொண்டார். நான் ஒரு பிறையைக் கையில் பிடித்துப் பார்த்தேன். தகடு சரியாக உட்காருவதற்குள் தலை இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் தகட்டை உட்காரவைத்துக்கொண்டிருந்த கை அந்த நேரம் எங்கே இருந்தது? நரம்பில் தொங்கிய ஒவ்வொரு பிறையும் அவருடைய விரலைத் தொட்டும் தொடாமலும் விட்டது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். நாங்கள் அந்த மணியை நரம்பில் கட்டித் தொங்கவிட்டு ரசித்துக்கொண்டிருந்தோம்.

நான் வில்லைக் கீழே வைத்தேன். பாட்டை மாற்ற வேண்டும் என்றேன். காலும் கையும் சேர்ந்தே விழட்டும், அரை இடமும் வேண்டாம், முக்கால் இடமும் வேண்டாம்.

"அண்ணி, அந்த அரை இடம்தான் பாட்டே. அத்த எடுத்துட்டா இன்னா கீது?" என்றான் கிட்டார் தம்பி.

"அவருக்குப் பத்து விரல் இருக்கும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் அப்படிப் பார்த்துக்கொண்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். பிறைகளை நரம்போடு பிடுங்கி அவர்கள் முன்னால் தரையில் எறிந்தேன். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, விரல் எங்கே இருந்திருக்கும் என்று என் விரலை வைத்துக் காட்டினேன். கிட்டார் தம்பியின் முகம் வெளுத்தது. என் வீட்டுக்காரர் மட்டும் மெதுவாகத் தகடுகளைப் பொறுக்கினார்.

"எனக்குத் தெரியும்மே" என்றார். "காலு என்னைக் கேக்காம போவுது. ரெண்டு மூணு வாட்டி காத்து பட்டுச்சு விரல்ல."

இதை அவர் கோபமில்லாமல், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லும் குரலில் சொன்னார். நான் அழுதேன். என்னை அழவைத்ததற்காகத் திட்டவும் செய்தேன். தெரிந்துகொண்டே ஏன் போனீர்கள் என்று கேட்டதற்கு, "முதல் முறையா நான் ஒண்ண வாசிக்கிறேன். கண்ணாலத்துல வாசிக்கிறது வாசிப்பா? அது சோத்துக்கு. இத்த உடச் சொல்லாத" என்றார். இதே பசிதானே என்னையும் நசரத்பேட்டைக்கு ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வந்தது.

வழியை அவரேதான் கண்டுபிடித்தார். மெஷினின் பெடல் வயரில் ஓடுகிறது, தரையில் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். வலது கால் ஆல்பத்துக்குக் கெட்டுப்போய்விட்டது, போகட்டும். இடது கால் இன்னும் யோக்கியமாக இருக்கிறது. மெஷினை இடது காலால் ஓட்டுவது. அவருடைய ஷிஃப்ட் முடிந்ததும் பெடலை மறுபடி வலது பக்கம் தள்ளி வைத்துவிடுவது, அவ்வளவுதான்.

"அடுத்த ஷிஃப்ட்டுக்கு வர்றவர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"அண்ணாத்த கிட்டயா? இன்னான்னு சொல்றது? பாட்டு வாசிச்சு காலு கெட்டுப்போச்சுன்னா? ஷாப்பே சிரிக்கும். நான்தான் தள்ளி வச்சுட்டு வரப்போறனே."

நான் ஒத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பிறைகள் வரவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் நான் முதலில் கையைப் பார்ப்பேன். அவரும் கேட்காமலே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஆனாலும் எனக்குள் ஒரு இருட்டு குடியிருந்தது. ராத்திரி பக்கத்தில் படுத்திருப்பவரின் இரண்டு பாதங்களும் போர்வைக்குள் தனித்தனியாக அசையும். வலது ஒன்று சொல்லும், இடது வேறொன்று சொல்லும். ஒரே ஆளுக்கு இரண்டு முதலாளிகள்.

பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தையைச் சாத்தினோம். வானம் காலையிலிருந்தே கறுத்துக்கிடந்தது, ஆனால் பெய்யவில்லை. முதல் தடவையே பாட்டு பிடிபட்டது. நான் வராளியின் கீழ் ஸ்வரங்களில் நின்றுகொண்டிருந்தேன்; கிட்டார் உறுமிக்கொண்டு மேலே ஏறியது; அடியில் அந்தக் கால், எல்லாவற்றுக்கும் ஒரு கணம் முன்னால், எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதற்குத் தெரியும் என்பது போல விழுந்தபடி இருந்தது. அவ்வளவு நன்றாக நாங்கள் அதற்கு முன்னும் வாசிக்கவில்லை, பின்னும் வாசிக்கவில்லை. நான் பயந்துபோயிருந்தேன். நல்ல சங்கீதம் பயத்தைத் தராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு வேலை நாள். கிட்டார் தம்பி பாட்டை மெருகேற்றி அன்று சாயங்காலம் இவர் ஃபோனுக்கு அனுப்பியிருந்தான். ஷிஃப்ட் முடியும் நேரம் பார்த்து அது வந்திருக்கிறது. இவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டே கிளம்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கையை விரித்துக் காட்டினார், சாப்பிட உட்கார்ந்தார். என் காதிலும் ஒரு முனையை வைத்துவிட்டார். "தோ, இப்ப வரும் பாரு" என்றார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"இன்னிக்கி பெடல தள்ளி வச்சனா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வச்சன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். பிறகு, "வக்கலமே" என்றார்.

ஃபோன் அடித்தார். அண்ணாத்தே எடுக்கவில்லை. எடுக்க மாட்டார், வேலை நேரத்தில் ஃபோன் பெட்டிக்குள் இருக்கும். ஆபீஸ் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. இவர் எச்சில் கையோடு எழுந்தார். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன், இவருடைய கால்கள் இருந்த நிலையில் வண்டியை இவரிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. அடுப்பை அணைத்தேனா என்பதுகூட ஞாபகமில்லை.

மண்ணூர்பேட்டையிலிருந்து எஸ்டேட் கூப்பிடு தூரம்தான். அன்று ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்றது. அண்ணாத்தே வந்ததும் அச்சைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுத்தான் ஓட்டத் தொடங்குவார், அதற்குள் போய்விடலாம் என்று பின்னால் உட்கார்ந்திருந்தவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பார்க்காமல் வேலை செய்கிறவர் என்றும் ஒருமுறை சொன்னார். எத்தனையோ வருடமாக அதே மெஷின், அதே இடம். தகட்டை உட்காரவைக்கும்போது இடது காலில் சாய்ந்து நிற்பது அவர் பழக்கம். சாய்கிற இடத்தில் பெடல் கிடந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே மெஷின்கள் இடிப்பது கேட்டது. பல மெஷின்கள், பல தாளங்கள். இவர் ஓட்டும் மெஷின் எது என்று எவ்வளவு காதைத் தீட்டியும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. வாட்ச்மேன் ஏதோ கேட்டார். இவர் பதில் சொல்லாமல் உள்ளே ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன்.

வரிசையின் கடைசியில் ஒரு மெஷின் மட்டும் ஓடாமல் நின்றது. அதன் முன்னால் நரைத்த தலையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வலது கையை இடது கையால் மணிக்கட்டில் பிடித்திருந்தார். இரும்புத் தலைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துணிக் கையுறை கவ்விக்கிடந்தது. அதன் விரல்கள் உள்ளே போயிருந்தன. இவர் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அருகில் போனது நான்தான்.

"அண்ணா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்திருந்த கையை விட்டு, வலது கையை என் முகத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். ரத்தமில்லை. ஆள்காட்டி விரலும் நடு விரலும் அடிக் கணுவோடு இல்லை. தோல் மூடி, பளபளப்பாகி, எத்தனையோ வருடத்துக்கு முன் ஆறிய இடம்.

"பயப்படாதம்மா. இது பழசு" என்றார். "வெரலு இல்லன்னு நாலு பேருக்குத் தெரிய வாணாம்னு கிளவுஸ மடிக்காம மாட்டிக்கினு கீறேன். அதுல சும்மா தொங்கிக்கினு இருந்துச்சே ரெண்டு, அத்தத்தான் தின்னுகிச்சு."

சிரிக்க முயன்றார்.

"இருந்திருந்தா இன்னிக்கிப் போயிருக்கும். முன்னாடியே போனதால தப்பிச்சிது."

என் வீட்டுக்காரர் அப்போதுதான் பக்கத்தில் வந்தார். அவரால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. தரையில் மண்டியிட்டார். மெஷினின் இடது பக்கம் கிடந்த பெடலை எடுத்து வலது பக்கம் கொண்டுபோய், வழக்கமாக இருக்கும் இடத்தில் வைத்தார். வைத்துவிட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டு குனிந்தே இருந்தார். முதுகு குலுங்குவது தெரிந்தது. சுற்றியிருந்த மெஷின்கள் இடித்துக்கொண்டே இருந்தன.

அண்ணாத்தே பாக்கெட்டிலிருந்து வேறொரு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். இந்த முறை அந்த இரண்டு விரலை உள்ளே மடித்துவிட்டுக்கொண்டார். இன்னொரு மெஷின்காரர் வந்து தலையைத் தூக்கி, நசுங்கிய துணியை உருவிப் போட்டார்.

"சரி நைனா, கைய எடு" என்றார் அண்ணாத்தே குனிந்து. "மெஷினு ஓடணும்."

அவர் எடுக்கவில்லை.